ஆன்டிபயாடிக் இருக்கிறதே, ஊசி எதற்கு என்று கேட்ட வாசகருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் பட்டர்வொர்த் அன்பர் ஒருவர் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசியைப் பற்றி எழுதியிருந்தார். கோபமாக எழுதவில்லை, நிதானமாகத்தான் கேட்டிருந்தார், அதனால்தான் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் பாக்டீரியாவால் வருகிறது, பாக்டீரியாவைக் கொல்ல ஆன்டிபயாடிக் இருக்கிறது, பழைய பெனிசிலினுக்கே அது அடங்கிவிடும் என்கிறார்கள், அப்புறம் எதற்குப் பச்சைக் குழந்தைக்கு 2, 3, 5 மாதங்களிலும் 18-ஆவது மாதத்திலும் ஊசி என்பது அவருடைய முதல் கேள்வி. ஊசி போட்ட பிள்ளையின் தொண்டையிலும் அந்தக் கிருமி இருக்கலாம் என்று டாக்டர்களே ஒத்துக்கொள்கிறார்களே, அப்படியானால் ஊசியால் என்ன பயன் என்பது இரண்டாவது.

இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் அந்தக் கடிதம் வாட்ஸ்அப்பில் சுற்றியபோது வந்த பதில்களைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. ஒரு பக்கம் "படிக்காதவன் பேசுற பேச்சு" என்று திட்டுகிறார்கள், இன்னொரு பக்கம் "பார்த்தீங்களா, பேப்பர்லயே போட்டுட்டாங்க" என்று கொண்டாடுகிறார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லக் காணோம். நான் டாக்டர் இல்லை, மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்த நோயில் ஆளைக் கொல்வது அந்தக் கிருமியே இல்லை. கிருமி தொண்டையிலேயே உட்கார்ந்திருக்கும், அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு தடித்த படலம் கட்டும், அவ்வளவுதான், இரத்தத்தில் இறங்கி ஊர் சுற்றுகிற பழக்கம் அதற்கு இல்லை. 1884-இல் ஜெர்மனியில் லோஃப்லர் என்பவர் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தபோது அவரைக் குழப்பியதே இதுதான். இறந்தவர்களின் இதயமும் மற்ற உறுப்புகளும் கெட்டுப்போயிருக்கின்றன, ஆனால் அங்கே தேடினால் கிருமி இல்லை, தொண்டையில்தான் இருக்கிறது. ஏதோ ஒரு நஞ்சு கிளம்பிப் போகிறது என்று அவர் சந்தேகப்பட்டார். நான்கு வருடம் கழித்து, 1888-இல், பாரிஸில் ரூவும் யெர்சினும் கிருமி வளர்ந்த சாற்றை மட்டும் மிக நுண்ணிய பீங்கான் வடிகட்டியில் வடித்து, ஒரு கிருமிகூட இல்லாத அந்தத் தண்ணீரை விலங்குகளுக்குச் செலுத்தினார்கள், அவை அதே நோயின் அடையாளங்களோடு செத்தன. நஞ்சு என்று ஒன்று தனியாக இருக்கிறது என்பது அன்றோடு முடிவாகிவிட்டது.

எங்கள் ஆய்வுக்கூட வேலையிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். டெல்லூரைட் என்ற உப்பு கலந்த வளர்ப்புத் தட்டில் வளர்த்தால் இந்தக் கிருமி கறுப்புக் கறுப்பாக முளைக்கும். "சரி, டிப்தீரியா கிருமி வந்துவிட்டது" என்று அதோடு கதையை முடிக்க முடியாது, ஏனென்றால் இந்த இனத்தில் நஞ்சு சுரக்கும் வகையும் உண்டு, சுரக்காத வகையும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க எலெக் சோதனை என்று ஒன்று இருக்கிறது. எதிர்நச்சில், அதாவது நஞ்சைக் கவ்விப் பிடித்து முடக்கும் மருந்தில், நனைத்த வடிதாள் துண்டு ஒன்றைத் தட்டின் நடுவே பதித்துவிட்டு, அதற்குக் குறுக்காகக் கிருமியைக் கோடு இழுத்து வளர்ப்பார்கள். கிருமி நஞ்சு சுரந்தால், அது ஒரு பக்கமிருந்தும் எதிர்நச்சு இன்னொரு பக்கமிருந்தும் ஊறி வந்து சந்திக்கிற இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விழும். விளக்குக்கு நேரே தட்டைச் சாய்த்துப் பிடித்துத்தான் அதைத் தேட வேண்டும், அவசரக்காரர்களுக்குத் தெரியாது. கோடு விழுந்தால் ஆபத்தான வகை, விழாவிட்டால் அவ்வளவு பயமில்லை. இதில் இன்னொரு வேடிக்கை, அந்த நஞ்சுக்கான மரபணு பாக்டீரியாவுக்குச் சொந்தமே இல்லை, அதற்குள் குடியிருக்கும் ஒரு வைரஸின் சொத்து. 1951-இல் ஃப்ரீமன் என்பவர் இதைக் காட்டினார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த நஞ்சு என்பது என்ன? அமினோ அமிலம் என்கிற சிறு மணிகள் 535 கோத்த ஒரு புரதம். இரத்தத்தில் மிதந்து வந்து செல்லின் மேல் படுகிறது. செல்லைச் சுற்றிக் கொழுப்பால் ஆன சவ்வு இருக்கிறது, ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் கூறு போட்டால் வரும் ஒரு கூறு அளவுதான் அதன் தடிமன், ஆனால் அதைத் தாண்டிப் புரதம் எதுவும் சும்மா உள்ளே போய்விட முடியாது. அப்படியிருக்க இந்த நஞ்சு எப்படிப் போகிறது?

பொதுவாக நாம் நினைப்பது, படங்களிலும் போடுவது, நஞ்சு சவ்வில் பெரிய ஓட்டை போடுகிறது, ஓட்டை வழியாக எல்லாம் கொட்டுகிறது, செல் வெடிக்கிறது என்று. அப்படிச் செய்யும் நஞ்சுகளும் இருக்கத்தான் செய்கின்றன, புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் ஆல்ஃபா நஞ்சு ஏழு ஏழாகக் கூடிச் சவ்வில் துளை போட்டு, செல்லின் உப்பையும் நீரையும் ஒழுகவிட்டே அதைச் சாகடிக்கும். டிப்தீரியா நஞ்சின் குணம் வேறு. அதுவும் துளை போடும், ஆனால் ஒழுகவிடுவதற்காக இல்லை, தன்னில் ஒரு பாதி உள்ளே போவதற்காக.

அதன் உடம்பில் மூன்று பகுதிகள். ஒன்று செல்லைப் பிடித்துக்கொள்ளும், ஒன்று துளை போடும், ஒன்று உள்ளே போய்க் கொல்லும். பிடித்துக்கொள்வது எதைத் தெரியுமா, நம் செல்லின் மேல் இருக்கும் ஒரு வளர்ச்சிப் புரதத்தின் முன்வடிவத்தை, காயம் ஆறுவதற்கெல்லாம் உதவுகிற நல்ல புரதம் அது. சுண்டெலியிடம் அந்தப் புரதம் சற்று வேறு மாதிரி இருப்பதால் நஞ்சுக்குப் பிடி கிடைக்காது, நம்மைச் சாய்க்கிற அளவு கொடுத்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிடித்துக்கொண்டதும் செல் தன் வழக்கப்படி அந்த இடத்துச் சவ்வை உள்ளே குழித்து ஒரு சிறு பையாக்கி இழுத்துக்கொள்கிறது. கொல்லும் பகுதி ஒரு பாதி, மற்ற இரண்டும் சேர்ந்து மறு பாதி, இந்த இரண்டு பாதிகளுக்கு நடுவே வெட்டு விழ வேண்டும், அதைச் செய்வதும் ஃப்யூரின் என்கிற நம்முடைய நொதிதான். வெட்டிய பிறகும் ஒரு கந்தகப் பிணைப்பு இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். உள்ளே போன பையில் செல் தானாகவே அமிலத்தை ஏற்றும், அது அன்றாடம் நடப்பது. அந்த அமிலம் பட்டவுடன் நஞ்சின் நடுப்பகுதி உருமாறி, கொழுப்பில் கலக்கும் தன் உட்புறத்தை வெளியே காட்டி, பையின் சவ்வில் செருகிக்கொண்டு துளையாகிறது. அந்தத் துளை வழியாகத்தான் கொல்லும் பகுதி செல்லுக்குள் நழுவுகிறது.

அமிலம்தான் சாவி என்பதை எப்படிக் கண்டார்கள் என்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம். செல்களுக்கு அம்மோனியம் குளோரைடு, அதாவது நம் நவச்சாரம், கொடுத்துவிட்டு நஞ்சைப் போட்டுப் பார்த்தார்கள். அது பைக்குள் அமிலம் ஏறவிடாது. செல்கள் பிழைத்துக்கொண்டன. அப்புறம் 1980 வாக்கில் தலைகீழாகச் செய்து பார்த்தார்கள். நஞ்சு செல்லின் மேல் ஒட்டியிருக்கும்போதே வெளியிலிருக்கும் திரவத்தை அமிலமாக்கினால் என்ன ஆகும்? பைக்குள் போகவேண்டிய அவசியமே இல்லாமல் வெளிச்சவ்வு வழியாகவே நேராக உள்ளே போய்விட்டது. இவ்வளவு எளிமையான சோதனை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது.

துளையின் அகலம் என்ன என்று பார்த்தால்தான் ஆச்சரியம் முழுதாகும். இதை ஆந்த்ராக்ஸ் என்கிற இன்னொரு பாக்டீரியா நோயின் நஞ்சில் மிகத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள், அதனால் அங்கே போவோம். ஆந்த்ராக்ஸில் துளை போடும் புரதம் தனி, உள்ளே போகும் புரதங்கள் தனி. துளைப் புரதம் ஏழு சேர்ந்து, சில சமயம் எட்டு சேர்ந்து, வளையமாக அமரும், அதன் தலையில் கொல்லும் புரதங்கள் வந்து ஏறிக்கொள்ளும், மொத்தமாகப் பைக்குள் போகும், அமிலம் பட்டதும் வளையத்தின் அடியிலிருந்து நீண்ட குழாய் ஒன்று இறங்கிச் சவ்வைத் துளைக்கும். அந்தக் குழாயின் மிகக் குறுகிய இடத்தில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் ஏழு வட்டமாகக் கூடி நிற்கின்றன. ஹார்வர்டில் ஜான் கோலியரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2005-இல் இதை வெளியிட்டார்கள், 2015-இல் குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துளை முழுவதையும் அணு அணுவாகப் படம் எடுத்துவிட்டார்கள். அந்தக் கழுத்தின் அகலம் ஒரு நானோமீட்டர்கூட இல்லை. போகவேண்டிய புரதமோ சுருண்டு மடிந்த நிலையில் அதைவிடப் பல மடங்கு பெரியது, 700 அமினோ அமிலங்களுக்கு மேல் கொண்டது.

லிட்டல் இந்தியாவில் ஜவுளிக்கடைக்காரர் மெல்லிய பட்டின் தரத்தைக் காட்ட மோதிரத்துக்குள் விட்டு இழுத்துக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மடித்து அடுக்கிய சேலையை அப்படியே மோதிரத்துக்குள் திணிக்க முடியுமா, முடியாது. மடிப்பைப் பிரித்து, முந்தானையின் ஒரு முனையைப் பிடித்து நுழைத்துவிட்டால் ஆறு கெஜமும் அந்தப் பக்கம் வந்துவிடும், வந்த பிறகு மறுபடியும் மடித்துக்கொள்ளலாம். நஞ்சும் இதைத்தான் செய்கிறது. அமிலத்தில் அதன் மடிப்பு தளர்கிறது, ஒரு முனை முதலில் நுழைகிறது, மொத்தப் புரதமும் பிரிந்து ஒற்றை இழையாகக் கழுத்தைக் கடந்து மறுபக்கம் போய், திரும்பவும் மடிந்து பழைய வடிவத்துக்கு வருகிறது. வந்தவுடன் வேலையைத் தொடங்குகிறது.

யார் இழுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். தனியாக ஆள் யாரும் வேண்டியதில்லை. பைக்குள் அமிலம் அதிகம், அதாவது புரோட்டான்கள் அதிகம், செல்லின் உள்ளே குறைவு. இழையில் எதிர்மின்னூட்டம் கொண்ட இடங்கள் பல இருக்கின்றன, துளையின் சுவர் அவற்றைத் தள்ளிவிடும். பைக்குள் அந்த இடங்களில் புரோட்டான் ஏறி மின்னூட்டம் அணைந்துவிடுவதால் அவை துளைக்குள் நழுவ முடிகிறது. செல்லுக்குள் எட்டிப் பார்த்ததும் புரோட்டான் கழன்று மின்னூட்டம் திரும்பி வந்துவிடும், இனிப் பின்னால் போக வழியில்லை. இழை அங்கும் இங்கும் ஆடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் முன்னே போனது முன்னேதான். செல் தனக்காக ஏற்றிவைத்த அமிலமே நஞ்சை உள்ளே இழுத்துவிடுகிறது. பிடி கொடுத்தது நாம், வெட்டிக் கொடுத்தது நாம், அமிலமும் நாம். டிப்தீரியாவில் அந்தக் கந்தகப் பிணைப்பை உள்ளே அவிழ்த்து விடுவதுகூட நம் செல்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலும் வரும், மரியாதையும் வரும், எதை முதலில் சொல்வது என்று தெரியாது.

எல்லா நஞ்சும் இதே வழியில் போவதில்லை. காலராவின் நஞ்சு (அதை 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே நிரூபித்தார், அந்த மனிதருக்குக் கிடைக்கவேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்பது என் கருத்து) செல்லுக்குள் வெகுதூரம் பயணம் செய்து, செல் தன் பழுதான புரதங்களை வெளியே தள்ளும் பாதையில் கலந்து தப்பித்து வரும். ஆமணக்கு விதையிலிருக்கும் ரிசினும் அந்த வழிதான். அது தனிக் கதை.

உள்ளே போன டிப்தீரியாத் துண்டு என்ன செய்கிறது? செல் புரதம் தயாரிக்கும் இடத்தில் EF-2 என்று ஒரு துணைப் புரதம் உண்டு. நஞ்சு அதன் மேல் ஒரு வேதித் துண்டை ஒட்டி முடக்கிவிடும். ஒன்றை முடக்கியதும் அடுத்ததற்குப் போகும், அது ஒரு நொதி, தான் தீர்ந்துபோவதில்லை. இதை 1960-களின் பிற்பாதியில் கண்டறிந்தவர்களில் மேலே சொன்ன கோலியரும் ஒருவர், ஜப்பானில் மாணவராக இருந்த தசுகு ஹோஞ்சோவும் ஒருவர், புற்றுநோய்க்கான நோயெதிர்ப்புச் சிகிச்சைக்காக 2018-இல் நோபல் வாங்கினாரே அதே ஹோஞ்சோதான். 1978-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தத் துண்டை நேராகச் செல்லுக்குள் செலுத்தி எண்ணிப் பார்த்தார்கள். ஒரே ஒரு மூலக்கூறு போதும், ஒரு செல் செத்துவிடும்.

பட்டர்வொர்த் அன்பரே, உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பெனிசிலின் தொண்டையில் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்லும், சந்தேகமில்லை, அதனால் புது நஞ்சு சுரப்பது நிற்கும், மற்றவர்களுக்குப் பரவுவதும் நிற்கும். ஏற்கெனவே சுரந்து இரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் புரதத்தை அது தொடக்கூட முடியாது, அது உயிருள்ள பொருளே இல்லையே, கொல்வதற்கு. அந்தப் புரதத்தைப் பிடிக்க எதிர்நச்சு வேண்டும். பேரிங்கும் கிடாசாட்டோவும் 1890-இல் காட்டிய வைத்தியம், பேரிங்குக்கு 1901-இல் மருத்துவத்தின் முதல் நோபல் பரிசே அதற்குத்தான் கிடைத்தது. இன்றைக்கும் குதிரையின் இரத்தத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆனால் எதிர்நச்சும் ஒரு பெரிய புரதம், செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. வெளியே திரியும் நஞ்சைக் கவ்விப் பிடிக்கும், உள்ளே நழுவிவிட்டதை ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் ஆய்வுக்கூட முடிவு வரும் வரைக்கும் காத்திருக்காமல், தொண்டையைப் பார்த்துச் சந்தேகம் வந்தவுடனேயே டாக்டர்கள் எதிர்நச்சைக் கொடுக்கத் துடிக்கிறார்கள். எங்கள் வெள்ளைக் கோடு விழும் வரைக்கும் நோய் காத்திருக்காது. 1925-இல் அலாஸ்காவின் நோம் ஊரில் இந்த நோய் வந்தபோது கடும் பனியில் நாய் வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலான தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து அந்த மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள்.

தொண்டை தெளிந்து, காய்ச்சல் விட்டு, பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கும் நேரத்தில், ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்து இதயம் தள்ளாடுவதும், இன்னும் சில வாரம் போய் நரம்பு தளர்வதும் இதனால்தான். கிருமி செத்துப் பல நாள் ஆகியிருக்கும். உள்ளே போனது போனதுதான்.

இதே கதையை வேறு இடத்தில் பாருங்கள். 2001-இல் அமெரிக்காவில் தபால் உறைகளில் ஆந்த்ராக்ஸ் தூளை அனுப்பியபோது 22 பேருக்கு நோய் வந்தது, ஐந்து பேர் இறந்தார்கள், அங்கே ஆன்டிபயாடிக்குக்கா பஞ்சம்? நுரையீரல் வழி போன ஆந்த்ராக்ஸில் தாமதமாகிவிட்டால் கிருமியைக் கொன்றும் ஆளைக் காப்பாற்ற முடியாமல் போகிறது, அதனால்தான் 2012-இல் அந்தத் துளைப் புரதத்தையே பிடித்துக்கொள்ளும் ராக்சிபாக்குமாப் என்ற ஆன்டிபாடிக்கு (அந்நியப் பொருளைக் கவ்விப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) அங்கே அனுமதி கொடுத்தார்கள். துளை அமையவிடாமல் செய்தால் கொல்லும் புரதங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். கோலாலம்பூரிலும் இங்கே பினாங்கிலும் அழகு நிலையங்களுக்குப் போய் நூற்றுக்கணக்கில் ரிங்கிட் கொடுத்து முகச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் போட்டுக்கொள்கிறார்களே, அதுவும் இதே வழியில் உள்ளே போகிற நஞ்சுதான். போட்டுலினம் நஞ்சில் கனமான துண்டு ஒன்று, லேசான துண்டு ஒன்று, நரம்பு முனையில் பைக்குள் போய், அமிலம் பட்டு, கனமான துண்டு துளையாகி, லேசான துண்டு அதன் வழியாக இழையாக நழுவி உள்ளே போய், நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பும் புரதத்தை வெட்டும். ஓர் ஊசி மூன்று நான்கு மாதம் தாங்குகிறது என்றால் உள்ளே போனது அவ்வளவு நாள் அங்கேயே உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதே நஞ்சு கெட்டுப்போன டின் உணவில் வந்து வயிற்றுக்குள் போனால், எதிர்நச்சு கொடுத்தாலும் ஏற்கெனவே படுத்த தசை எழுந்திருக்காது, மேற்கொண்டு படுக்காமல் தடுக்கலாம், அவ்வளவே, மூச்சுக் கருவியில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். என் சொந்தத்திலேயே ஒருவர் பேரனுக்குத் தடுப்பூசி "கெமிக்கல்" என்று வேண்டாம் என்கிறார், நெற்றியில் மட்டும் ஒரு சுருக்கம் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை, வீட்டில் சண்டை வரும்.

இரண்டாவது கேள்வி, ஊசி போட்ட பிள்ளையின் தொண்டையிலும் கிருமி இருக்கிறதே என்பது. இருக்கலாம். இதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை, மறைக்கப் போய்த்தான் சந்தேகம் வளர்கிறது. இந்தத் தடுப்பூசி கிருமிக்கு எதிரானது இல்லை, நஞ்சுக்கு எதிரானது. 1923-இல் பிரான்சில் ரமோன் என்பவர் நஞ்சை ஃபார்மலினோடு கலந்து வெதுவெதுப்பான சூட்டில் வைத்தால் அதன் கொல்லும் சக்தி போய்விடுகிறது, ஆனால் உடம்பு அதை அடையாளம் கண்டு ஆன்டிபாடி தயாரிக்கும் அளவுக்கு உருவம் மிஞ்சுகிறது என்று காட்டினார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். ஊசி போட்ட உடம்பில் அந்த ஆன்டிபாடி முன்கூட்டியே இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தொண்டையில் கிருமி குடியேறி நஞ்சு சுரந்தாலும், செல்லைப் பிடிப்பதற்கு முன்பே, அமிலப் பைக்குள் போவதற்கு முன்பே, நடுவழியில் மாட்டிக்கொள்ளும். கிருமி இருந்தும் பிள்ளை ஓடியாடி விளையாடுகிறது என்றால் ஊசி வேலை செய்கிறது என்றுதான் பொருள். அந்தப் பிள்ளையிடமிருந்து ஊசி போடாத பிள்ளைக்குப் போனால் நிலைமை வேறு. 2016-இல் நம் மலேசியாவிலேயே தொண்டை அடைப்பான் திரும்ப வந்து குழந்தைகளைக் கொண்டுபோனது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

"நஞ்சையே பிள்ளைக்கு ஏற்றுகிறார்கள்" என்று ஒரு குரல் செய்தி வேறு சுற்றுகிறது, அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஃபார்மலின் பட்ட பிறகு அந்தப் புரதத்தால் மேலே சொன்ன வேலைகளில் எதையும் முடிக்க முடியாது. இன்னும் சொன்னால், அமினோ அமிலம் ஒன்றே ஒன்றை மாற்றி (52-ஆவது இடத்தில் கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் குளுட்டாமிக் அமிலம்) கொல்லும் சக்தி இல்லாமல் ஆன டிப்தீரியா நஞ்சு ஒன்று உண்டு, CRM197 என்று பெயர், வேறு சில தடுப்பூசிகளில் துணைச் சரக்காக அதைத்தான் சேர்க்கிறார்கள். இந்த நஞ்சின் பிடிக்கும் பகுதியை மட்டும் கழற்றிவிட்டு, குறிப்பிட்ட இரத்தப் புற்றுச் செல்களை மட்டும் பிடிக்கும் வேறொரு புரதத்தைப் பொருத்தி மருந்தாகவே ஆக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1999-இல் ஒன்றுக்கும் 2018-இல் இன்னொன்றுக்கும் அனுமதி கிடைத்தது. துளை போட்டு உள்ளே நழுவும் வித்தை அப்படியே இருக்கிறது, போய்ச் சேரும் விலாசம்தான் மாறியிருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சுகாதாரப் பக்கத்தில் "தடுப்பூசி போடுங்கள், இல்லாவிட்டால் ஆபத்து" என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள், நல்லதுதான். அரசாங்க கிளினிக்கில் தாதியரும் அதைத்தான் சொல்கிறார்கள், வரிசையில் நாற்பது தாய்மார்கள் நிற்கும்போது அவர்களால் அதற்கு மேல் சொல்லவும் முடியாது, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பத்திரிகைக்கு இடம் இருக்கிறது. நம் ஆட்கள் ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று சொன்னால் கேட்பார்கள். கார் எஞ்சின் ஏன் சூடாகிறது என்று வொர்க்‌ஷாப்பில் நின்று அரை மணி நேரம் விவாதிக்கிறவர்களுக்கு, நஞ்சு எப்படிச் செல்லுக்குள் போகிறது என்பது மட்டும் புரியாதா? பயமுறுத்தல் ஒரு நாள் நிற்கும், அடுத்த குரல் செய்தி வந்ததும் அழிந்துவிடும். ஒரு பக்கம் முழுவதும் கொடுத்து, தெரிந்த டாக்டர் ஒருவரையோ இங்கே பல்கலைக்கழகத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் ஒருவரையோ எழுதச் சொல்லுங்கள். கேள்வி கேட்டவரை முட்டாள் என்று சொல்லாத ஆளாகப் பார்த்துக் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. 18-ஆவது மாத ஊசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், முதல் மூன்றும் போட்டாகிவிட்டது, பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது, இனி என்ன என்று. முதலாம் ஆண்டில் பள்ளிக்கே வந்து போடுவதையும் சிலர் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் தள்ளிவிடுகிறார்கள். ஆன்டிபாடி வருடம் போகப் போகக் குறையும் பொருள், அவ்வப்போது ஏற்றிவிட வேண்டும், அதற்குத்தான் அந்த ஊசிகள்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். என் வயதுக்காரர்கள் சின்ன வயதில் போட்டதோடு சரி, சிலர் தோட்டத்தில் பிறந்து அதுகூடப் போட்டிருக்க மாட்டார்கள். அடுத்த முறை ஆணி குத்தியோ தகரம் கிழித்தோ ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசிக்குக் கிளினிக்குப் போனால், டிப்தீரியாவும் சேர்ந்த ஊசி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பத்து வருடத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ளலாம் என்று பல நாடுகளில் பரிந்துரைக்கிறார்கள். பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு